பத்தாங்கிளாசோட நிக்க வேண்டாம்! சென்னையில் தொழில் படிக்க 3 வழி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வியாசர்பாடி, காசிமேடு, சைதாப்பேட்டை பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். ‘‘மார்க் கம்மி. பேசாம வேலைக்கு அனுப்பிடலாமா?’’

அவசரப்பட வேண்டாம். கைத்தொழிலும் கத்துக்கிட்டு மேலே படிக்கவும் சென்னையிலேயே 3 வழி இருக்கிறது. ஆனால் எந்த வழி எங்கே போய் சேரும் என்று தெரியாமல் சேர்ந்தால் பாதியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பிளஸ்-2 தொழிற்பிரிவு

தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ்-2 வந்தபோதே தொழிற்பிரிவும் வந்துவிட்டது. அடிப்படை மின் பொறியியல், ஆட்டோமொபைல், அலுவலக மேலாண்மை, நர்சிங், ஆடை வடிவமைப்பு என்று பல பாடங்கள் உண்டு. எல்லா பள்ளியிலும் எல்லா பிரிவும் கிடையாது. ஹெட்மாஸ்டரிடம் கேட்டுத்தான் சேர வேண்டும்.

‘தொழிற்பிரிவா? அதோட படிப்பு முடிஞ்சுது’ என்று நினைப்பது தப்பு. பிளஸ்-2 தொழிற்பிரிவு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக 2-ம் ஆண்டில் சேரலாம். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கிலும் தொழிற்பிரிவுக்கு தனி ஒதுக்கீடு உண்டு.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பிளஸ்-2-வில் நர்சிங் எடுத்தால் உடனே நர்ஸ் ஆகிவிட முடியாது. அதற்கு பிறகு தனியாக நர்சிங் படிப்பு படித்து, கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்.

ஐ.டி.ஐ.

சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இதுதான் கிட்டத்து வழி. கிண்டி, அம்பத்தூர், வடசென்னை, திருவான்மியூரில் அரசு ஐ.டி.ஐ.க்கள் உள்ளன. கிண்டியில் பெண்களுக்கு தனியாகவே இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது.

பிட்டர், எலக்ட்ரீசியன் படிப்புக்கு பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். 2 வருஷப் படிப்பு. எட்டாவது முடித்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. வெல்டர், ஒயர்மேன் அவர்களுக்குத்தான். பத்தாவதில் கோட்டை விட்ட பையனுக்கும் கதவு மூடவில்லை என்று அர்த்தம்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. பத்தாவது முடித்து 2 வருஷ ஐ.டி.ஐ. படித்தவர்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டு பரீட்சை மட்டும் எழுதி பாஸ் செய்தால் பிளஸ்-2-வுக்கு சமமான சான்றிதழ் வாங்கலாம். பாலிடெக்னிக்கில் நேராக 2-ம் ஆண்டிலும் சேரலாம்.

வெல்டர் 1 வருஷப் படிப்புதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நேரடி 2-ம் ஆண்டு இடத்தை கேட்க முடியாது. சீக்கிரம் முடியுதே என்று சேருகிறவர்கள் இதை யோசித்துவிட்டு சேர வேண்டும்.

படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு போகலாம். பெரம்பூர் ஐ.சி.எப். ரெயில் பெட்டி தொழிற்சாலையில் பிட்டர், வெல்டர், எலக்ட்ரீசியன் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். மாதா மாதம் உதவித்தொகை கிடைக்கும். ஆனால் அப்ரண்டிஸ் என்பது பயிற்சி. நிரந்தர வேலை இல்லை. ‘அப்ரண்டிஸ் சேர்த்துவிட்டு பர்மனென்ட் ஆக்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

பாலிடெக்னிக்

பத்தாவது முடித்ததும் நேராக சேர்ந்தால் 3 வருஷ டிப்ளமோ. தரமணி மத்திய பாலிடெக்னிக் 1916-ல் மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூலாக தொடங்கியது. அதே தரமணி வட்டாரத்தில் அச்சு, தோல், ஜவுளி தொழில்நுட்பத்துக்கு தனித்தனி கல்வி நிலையங்களும், பெண்களுக்கு தருமாம்பாள் அரசு பாலிடெக்னிக்கும் உள்ளன.

டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங் கல்லூரியில் நேரடியாக 2-ம் ஆண்டு. அதாவது எட்டாவதோ பத்தாவதோ முடித்து பட்டறையில் ஆரம்பித்த பிள்ளைகூட படிப்படியாக ஏறி பி.இ. வரைக்கும் போகலாம்.

சேருவதற்கு முன்...

தெருவுக்கு தெரு ‘100 சதவீதம் வேலை உறுதி’ என்று போர்டு தொங்குகிறது. அதைப் பார்த்து கடன் வாங்கி பணத்தை கட்டிவிட்டு ஏமாறக் கூடாது. தனியார் இடம் என்றால் 3 கேள்வி கேளுங்கள்.

* மத்திய அரசின் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்குமா?

* சேரப்போகும் அந்த டிரேடுக்கே அங்கீகாரம் இருக்கிறதா? ஒரு டிரேடுக்கு இருந்து இன்னொன்றுக்கு இல்லாமலும் இருக்கலாம்.

* கட்டும் பணத்துக்கு ரசீது உண்டா?

பதில் மழுப்பலாக வந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் போய் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும்.

முக்கியமாக, டி.சி., மார்க் ஷீட், சாதி சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ரிசல்ட் வந்த வாரமே தயார் செய்துவிட வேண்டும். ஒரு சான்றிதழுக்காக அலையும் நாளில் நல்ல டிரேடு நிரம்பிவிடும். அப்புறம் கிடைத்ததில் சேர வேண்டியதுதான்!