செவிக்கு இசைந்த இயர்பட்

காதில் பொறியை மாட்டிக்கொண்டு வானொலி கேட்பது புதிய பழக்கமன்று. 1924-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தார் தம் ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்தில், எளிய படிகக் கருவி வைத்திருந்தோர் செவிப்பொறி இன்றிக் கேட்டல் இயலாது. அக்கருவிகளுக்கு ஒலியைப் பெருக்கும் ஆற்றல் இல்லை. தலையைச் சுற்றிக் கவ்வும் அந்தக் கனத்த பொறியின் வேலையை இன்று நான்கைந்து கிராம் எடையுள்ள இயர்பட் செய்துவிடுகிறது. கம்பியும் இல்லை. எனினும், அரைமணி நேரம் அணிந்தபின் காது நோகிறது என்னும் குறை மட்டும் ஒழிந்தபாடில்லை.

ஹடப்சரில் குடியேறியுள்ள எங்களைப் போன்ற தமிழர்க்கு இஃது ஆடம்பரப் பொருளன்று. மகர்பட்டா நகரத்து அலுவலகங்களிலும் தொழிற்பேட்டை ஆலைகளிலும் பணிபுரிவோர், நகருக்குள் சென்று வருவோர் எனப் பலரும் சோலாப்பூர்ச் சாலையின் நெரிசலில் நாள்தோறும் நெடுநேரம் கழிக்கின்றனர். காடிதள் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் போதும். (காடிதள் என்பதற்கு மராத்தியில் வண்டிப்பேட்டை என்றே பொருள், மாடுகள் போய்விட்டன, இரைச்சல் பெருகிவிட்டது.) அந்த இரைச்சலுக்கிடையே 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் ஒரு தமிழ் நிலையத்தைக் கேட்கவும், இரவில் ஊரிலுள்ள தாயாருடன் பேசவும் இக்கருவி வேண்டும். விலையோ ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கவேண்டும்.

இவ்விலைக்குள் நல்லது கிடைக்குமா என்று வினவுவோர் பலர். கிடைக்கும். ஆனால் நல்லது எது என்பதைக் கடைக்காரரோ விளம்பரமோ தீர்மானிப்பதில்லை. அணிபவரின் காதுதான் தீர்மானிக்கிறது. வளர்ந்தவரின் செவிக்குழல் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமும் ஏழு மில்லிமீட்டர் அளவில் விட்டமும் உடையது. அது நேராகச் செல்லாமல் சற்றே வளைந்து செல்கிறது. ஆளுக்கு ஆள் அதன் அகலம் வேறுபடும். ஒருவருடைய இரு காதுகளிலுமே வேறுபடுவதுண்டு. இயர்பட்டின் நுனியில் செருகும் சிலிக்கோன் குமிழைக் கடைக்காரர்கள் 'டிப்' என்பர். சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகளில் அது பெட்டிக்குள்ளேயே வருகிறது. பலர் நடுத்தரத்தோடு நின்றுவிடுகின்றனர். மற்ற இரண்டும் உறை பிரியாமலே கிடக்கும். வலக்காதுக்கு ஓர் அளவும் இடக்காதுக்கு வேறோர் அளவும் மாட்டிக்கொள்வதில் பிழை ஒன்றுமில்லை.

பொருத்தம் சரியா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மிருதங்கம் நன்கு ஒலிக்கும் கச்சேரி ஒன்றை மெல்லிய ஒலியில் வைத்துக் கேளுங்கள். வலந்தலையின் கூரிய நாதம் மட்டும் கேட்டு, தொப்பியின் கும்காரம் கேட்கவில்லையெனில், குமிழ் காதோடு இசையவில்லை என்பது தெளிவு. கீழ்ச்சுருதி ஒலி சிறு இடுக்கு கிடைத்தாலும் வெளியே கசிந்துவிடும். கருவி மட்டம் என்று அதைத் தூக்கி எறியுமுன் குமிழை மாற்றிப் பார்க்கவேண்டும். மறுபுறம், பெரிய குமிழை வலிந்து திணித்தால் குழலின் மெல்லிய தோல் அழுந்தி நோகும். நோவு கண்டவர் அதைத் தளர்த்திவிடுவர். தளர்ந்ததும் வெளி இரைச்சல் உட்புகும். இரைச்சலை அடக்க ஒலியைக் கூட்டுவர். காது நோவாகத் தொடங்கியது செவிப்புலனுக்கே கேடாக முடிவது இவ்வாறுதான்.

அக்கேடு எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். உட்செவியில் உள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஏறத்தாழப் பதினைந்தாயிரமே. அவை அழிந்தால் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. வளர்ந்தோர் வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு கூறுகிறது. ஒலி 3 டெசிபெல் கூடுந்தோறும் காலவரம்பு பாதியாகக் குறையும். 83-க்கு 20 மணி. 86-க்கு 10 மணி. 95 டெசிபெலை எட்டினால் வாரம் முழுமைக்கும் ஒன்றேகால் மணிதான். காலையில் ஒரு மணியும் மாலையில் ஒரு மணியுமாக ஆறு நாள் பேருந்தில் 86 டெசிபெலில் பாட்டுக் கேட்பவர், ஆறாம் நாள் வருமுன்பே தம் பங்கைச் செலவிட்டுவிடுகிறார். தொலைபேசியின் ஒலியளவை உச்சத்தில் 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்துக்கொள்வது நலம். கையெட்டும் தூரத்தில் நிற்பவர் இயல்பாகப் பேசுவது கேட்கவில்லையென்றால் அளவு மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம்.

இனி வடிவம். குழலுக்குள் நுழைந்து அடைப்பது ஒரு வகை. குமிழின்றிச் செவிமடலின் குழிவில் தங்குவது மற்றொரு வகை. முன்னது இரைச்சலைத் தடுக்கும். பேருந்துப் பயணிகளுக்கு ஏற்றது. ஆயின் அதை அணிந்து பேசும்போது நம் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். அடைபட்ட குழலுக்குள் குரலின் அதிர்வு வெளியேற வழியின்றி நிற்பதே இதற்குக் காரணம். வீட்டில் அமர்ந்து ஊருக்குப் பேசுவோர்க்கு இரண்டாவது வகையே சுகமானது. குழல் அடைபட்டது என்ற உணர்வும் அதில் இராது. தோடும் ஜிமிக்கியும் அணியும் பெண்கள், கீழ்நோக்கி நீளும் தண்டுடைய வடிவத்தைத் தவிர்த்துக் குறுகிய உருண்டை வடிவத்தை நாடுவது நன்று. தண்டு நகையில் உராயும் ஒலி காதுக்குள் பெரிதாகக் கேட்கும்.

பெட்டியின்மேல் அச்சிட்ட சொற்களைப் பெயர்த்துப் பார்ப்பது எங்களுடைய தொழிற்பழக்கம். அதனால் கண்ட உண்மை ஒன்று: ஏ.என்.சி., இ.என்.சி. என்னும் இரண்டும் ஒன்றல்ல. முன்னது வெளி இரைச்சலுக்கு நேர்மாறான அலையைப் பிறப்பித்து, அணிந்தவரின் காதில் அதை மட்டுப்படுத்துவது. எஞ்சினின் ஓயாத உறுமலை அது நன்கு குறைக்கும். திடீரென எழும் ஹாரன் ஒலியிடம் அதன் திறம் குன்றும். பின்னதோ ஒலிவாங்கியைச் சார்ந்தது. மறுமுனையில் இருப்பவருக்கு நம் குரல் தெளிவாகச் செல்ல உதவுவது. மலிவான பெட்டிகளில் இ.என்.சி. என்பதே கொட்டை எழுத்தில் நிற்கும். அதனை நம் காதுக்கு அமைதி தரும் வசதி என்று கொண்டு வாங்குவோர் ஏமாற்றமடைவர். நாற்பது மணி நேர மின்சேமிப்பு என்பதும் இத்தகையதே: அது பெட்டியின் சேமிப்பையும் கூட்டிச் சொன்ன கணக்கு. காதில் அணிந்தபடி தொடர்ந்து ஐந்தாறு மணி ஓடினால் அன்றாடத் தேவைக்குப் போதும்.

கம்பியில்லாச் செவிப்பொறிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' என்னும் எழுத்தோடு தொடங்கும் பதிவெண் உள்ளதா என்று பார்த்து, 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைச் சரிபார்க்கலாம். உறை பிரித்த செவிப்பொறியைத் தூய்மை கருதிப் பல விற்பனையாளர் திரும்ப ஏற்பதில்லை. நிபந்தனையைப் பணம் கொடுக்குமுன் படித்துவிடுங்கள். நண்பர் ஒருவரிடம் அதே வடிவம் இருப்பின், குமிழை மட்டும் கழற்றிவிட்டு நமது குமிழைப் பொருத்தி ஒரு மணி நேரம் அணிந்து பார்த்தல் சிறந்த வழி. ஐந்து நிமிடச் சோதனையில் எல்லாமே சுகமாகத்தான் தோன்றும்.

புணேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஐ.பி.எக்ஸ்.4 என்னும் குறியுள்ள இயர்பட் எத்திசைத் தூறலையும் வியர்வையையும் தாங்கும். அக்குறி பெரும்பாலும் இயர்பட்டுக்கே உரியது, பெட்டிக்கு அன்று. நனைந்ததைத் துடைக்காமல் பெட்டிக்குள் வைத்தால் மின்முனைகள் கறுத்துப்போகும். பிறகு ஒரு காது மட்டும் மின்னேறாமல் நிற்கும். குமிழை வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, காதுக் குறும்பி படிந்த வலையை உலர்ந்த மென்தூரிகையால் துடைத்துவிடுவது போதுமானது.