ஆய்வுக்குச் செவிசாய்க்காத சட்டம்

கொவிட் தொற்றால் மரணித்தோரைத் தகனம் செய்வதை 2020 ஏப்ரலில் இலங்கை அரசு வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கும் என்பதே கூறப்பட்ட காரணம். உலக சுகாதார ஸ்தாபனமோ அடக்கத்தையும் அனுமதித்திருந்தது. எனினும், அடிப்படை உரிமை மீறல் மனுக்களை அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்காது தள்ளுபடி செய்தது.

வைரஸ் உயிருள்ள கலங்களிலேயே பெருகும். கொவிட் நீரினால் பரவும் நோயல்ல என்பதை, பேராதனை மருத்துவ பீடத்தில் பயின்று, 2003இல் சார்ஸ் வைரஸை இனங்கண்ட குழுவில் முன்னின்ற பேராசிரியர் மலிக் பீரிஸும் தெளிவுபடுத்தினார்.

ஜனாஸா நல்லடக்கத்திற்கு 2021 பெப்ரவரியிலேயே அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட உடல்களை மன்னிப்பு மீட்டுத் தராது. ஆதலால், மருத்துவ ஆய்வின் முடிவுகளைப் பகிரங்கமாகப் பரிசீலித்த பின்னரே இத்தகைய சட்டங்கள் பிறக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.