காதில் வைத்துப் பார்க்காமல் இயர்போன் வாங்குவது எப்படி?

மிளகு வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறோம். இரண்டு மணியைப் பல்லில் கடித்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். லிட்டர் எடை 550 கிராம் நிற்குமா என்று கேட்கிறோம். இவ்வளவும் ஆன பிறகே விலை பேசுகிறோம். அதே வியாபாரி முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் விலையுள்ள இயர்போனைப் படத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார். நானும் அப்படி வாங்கியவன்தான்.

2021-ஆம் ஆண்டு, காதுத் துவாரத்துக்குள் செருகும் வகையில் ஒரு உயர்ரக இயர்போனை 34,000 ரூபாய்க்குத் தபாலில் தருவித்தேன். பழைய பாட்டுகளைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வந்த சாமானில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் மூக்கு, அதாவது காதுக்குள் போகும் குழாய்ப் பகுதி, என் வலது காதுக்குத் தடிமன். இருபது நிமிடத்தில் வலி எடுத்தது. சரியாக உள்ளே உட்காராததால் தவில் சத்தமே எழும்பவில்லை. விற்றவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "சார், காதுக்குள்ள போற சாமான். பிரிச்சுட்டா திருப்பி எடுக்க மாட்டோம். ரிப்பேர் இருந்தா சொல்லுங்க, மாத்தித் தர்றோம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மூடி திறந்த ஊறுகாய் பாட்டிலை நாம் திருப்பி எடுப்போமா? கடைசியில் அதை வேறொருவருக்கு 21,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். ஒரு டின் எண்ணெயில் என்ன நிற்கும் என்று தெரிந்தவர்களுக்கு 13,000 ரூபாய் நஷ்டம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் டோக்கியோ நகரின் அகிஹபரா வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான இயர்போன்களை வரிசையாக வைத்து, வருகிறவர்கள் தாராளமாகக் கேட்டுப் பார்க்க விடும் கடைகள் உண்டு. நம் ஊர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, பார்க்காமலே எதைத் தெரிந்துகொள்ள முடியும், எதைத் தெரிந்துகொள்ள முடியாது என்று பிரித்துக்கொள்வதுதான் வழி. என் அனுபவத்தில், ஓசை எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே பெருமளவு கணிக்கலாம். காதில் பொருந்துமா என்பதைக் கணிப்பதுதான் கடினம். நான் செய்தது நேர் எதிர். ஓசையைப் பற்றியே ஒரு மாதம் படித்தேன், பொருத்தத்தைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

விலை தரத்துக்குச் சாட்சியா?

நம் தொழிலில் விலை கூடினால் பெரும்பாலும் தரமும் கூடும். முழு முந்திரியும் உடைந்த முந்திரியும் ஒரே விலைக்குப் போவதில்லை. இயர்போனில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகிறது. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த சுருதியிலிருந்து உச்ச சுருதி வரை ஒரு கருவி எந்த அளவில் ஒலிக்கிறது என்பதற்கும் அதன் விலைக்கும் சம்பந்தம் காணப்படவில்லை என்பதே அவருடைய முடிவு. விலை கூடும்போது கட்டுமானம், கம்பி, பெட்டி, உழைக்கும் காலம் ஆகியவை கூடலாம். ஓசை கூடியே தீரும் என்பதில்லை.

'ஒரு பக்கத்துக்குப் பத்து டிரைவர்' என்ற விளம்பரத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். டிரைவர் என்பது உள்ளே இருந்து ஓசை எழுப்பும் சிறு பொறி. ஷூர் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த எஸ்.இ.846 மாடலில் பக்கத்துக்கு நான்கு. சென்ஹைசர் 2021-இல் கொண்டுவந்த ஐ.இ.900 மாடலில் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று, அதுவும் 7 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் விலையில் அது யாருக்கும் இளைத்ததல்ல. மசாலாப் பொடியில் எத்தனை சாமான் சேர்ந்திருக்கிறது என்று எண்ணி யாரும் ருசி சொல்வதில்லை.

லிட்டர் எடை போன்றதே கிராஃப்

அப்படியானால் எதைப் பார்ப்பது? மிளகுக்கு லிட்டர் எடை இருப்பதுபோல இயர்போனுக்கு அலைவரிசை வரைபடம் இருக்கிறது. கிராஃப் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்த இடைவெளியில் எந்த இடத்தில் கருவி உரக்க ஒலிக்கிறது, எந்த இடத்தில் அடங்கி ஒலிக்கிறது என்பதை இடமிருந்து வலமாக ஒரு கோடாகப் போட்டுக் காட்டுவார்கள். இதை அளக்க, காதுத் துவாரத்தையும் செவிப்பறையையும் போல நடந்துகொள்ளும் ஒரு சிறு உலோகக் கருவி பயன்படுகிறது. 1981-இல் ஐ.இ.சி. 711 என்ற பெயரில் அதற்குச் சர்வதேச அளவுகோல் வகுத்தார்கள். இப்போது எண் மாறி 60318-4 ஆகியிருந்தாலும் பழையவர்கள் இன்னும் '711' என்றே சொல்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முத்திரையிட்ட படியில் அளந்ததையும் வீட்டுப் படியில் அளந்ததையும் நாம் ஒப்பிடமாட்டோம். அதுபோல, ஒரே வகைக் கருவியில் ஒரே ஆள் அளந்த இரண்டு கிராஃப்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 5128 என்ற புதிய செயற்கைத் தலைக் கருவி எடுத்த கோடும் 711 எடுத்த கோடும் இயர்போன் ஒன்றேயானாலும் வேறாகத் தெரியும். மேலும், 711 கோட்டில் 8,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்மையான மேடு பெரும்பாலும் வரும். இயர்போன் எவ்வளவு ஆழம் செருகப்பட்டது என்பதால் எழும் மேடு அது. அதற்கு மேலே உள்ள பகுதியைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

கோட்டைப் படிப்பது ஐந்தொகை படிப்பதைவிடக் கடினம் ஒன்றுமில்லை. இடது ஓரம், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பேஸ்: தவிலின் அதிர்வு, மிருதங்கத்தின் தொப்பி. நடுப்பகுதியில் பாடுகிறவர் குரல். 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு மேடு தெரியும். பயப்பட வேண்டாம், அது இருக்க வேண்டிய மேடுதான். திறந்த காது அந்த இடத்தில் ஓசையை இயல்பாகவே பெருக்குகிறது. துவாரத்தை அடைத்துவிட்டால் அந்தப் பெருக்கம் போய்விடும் என்பதால் இயர்போன் அதைத் திருப்பித் தர வேண்டும். 5,000 முதல் 8,000 வரை கோடு தூக்கலாக இருந்தால் 'ஸ்' என்ற எழுத்து காதைக் கீறும், நாதஸ்வரம் கூச்சமாக இருக்கும். எழுபதுகளின் சினிமாப் பாட்டு கேட்கிறவர்கள் இந்தப் பகுதி அடங்கிய கருவியை எடுப்பதே நல்லது. இல்லாவிட்டால் பாட்டோடு டேப் இரைச்சலும் பளிச்சென்று கேட்கும்.

ஹார்மன் நிறுவனத்தில் சீன் ஆலிவ் தலைமையில் நடந்த கேட்புச் சோதனைகளிலிருந்து, பலருக்கும் பிடித்த ஒரு மாதிரிக் கோடு உருவாயிற்று. 'ஹார்மன் கோட்டுக்கு நெருக்கமானது' என்று விற்பவர்கள் சொன்னால் அதைத்தான் சொல்கிறார்கள். அதில் பேஸ் சற்றுத் தூக்கல். எனக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை.

நமக்கு எவ்வளவு வேண்டும் என்று எப்படித் தெரியும்? இதற்கு நான் கண்ட வழி, மாதிரிச் சரக்கு வாங்குவதுதான். கிராஃப் வெளியாகியிருக்கும் ஒரு இரண்டாயிரம் ரூபாய் இயர்போனை முதலில் வாங்குங்கள். மனப்பாடமாகத் தெரிந்த பத்துப் பாட்டுகளை இரண்டு வாரம் அதில் கேளுங்கள். குரல் பின்தங்குகிறதா, பேஸ் மிஞ்சுகிறதா, கூர்மை உறுத்துகிறதா என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாங்க நினைக்கும் விலையுயர்ந்த மாடலின் கோட்டை இதன் கோட்டோடு ஒப்பிடுங்கள். இப்போது அந்தக் கோடு வெறும் கோடாக இல்லாமல், உங்கள் காதுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்லும். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசர் செயலியைக் கொண்டு மலிவுக் கருவியின் ஓசையை அந்தப் பெரிய மாடலின் கோட்டுக்கு ஏறத்தாழ வளைத்தும் கேட்கலாம். நுணுக்கம் முழுவதும் வராது, குணம் தெரிந்துவிடும். சிலர் இந்த இடத்திலேயே திருப்தியடைந்து நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு முப்பதாயிரம் மிச்சம்.

காதுக்குப் பொருத்தம்

காதுத் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேர்க்குழாயும் அல்ல, வளைந்தது. ஒரே ஆளுக்கு இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. வாங்கும் முன் மூக்கின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். ஆறைத் தாண்டினால் சிறிய காதுகாரர்கள் யோசிக்க வேண்டும். நான் வாங்கியது அதைத் தாண்டியது. எடிமோட்டிக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த ஈ.ஆர்.4, காது கேட்கும் கருவித் தொழிலிலிருந்து பிறந்தது. அதன் மூக்கு மிக மெலிது, ஆனால் மூன்றடுக்கு ரப்பர் முனையோடு ஆழமாகப் போகும். அந்த ஆழமும் எல்லோருக்கும் ஒத்துவராது.

மாதிரிக்கு வாங்கிய இயர்போன் இங்கும் உதவும். சிறிது, நடுத்தரம், பெரிது என்று கூட வரும் முனைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, பேஸ் உள்ள பாட்டு ஓடும்போது மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் திடீரென்று எழும்பினால் முன்பு காற்று கசிந்திருக்கிறது என்று அர்த்தம். இப்படி இரண்டு காதுக்கும் தனித்தனியாக அளவு கண்டுபிடித்து வைத்துக்கொள்ளலாம். பஞ்சு முனை எந்தக் காதிலும் அடங்கும். சில மாதங்களில் தேய்ந்துவிடும் என்பதால் அது தொடர்செலவு.

காதில் அச்சு எடுத்துச் செய்து தரும் முறையும் உண்டு. வான் ஹேலன் இசைக் குழுவின் ஒலிப் பொறியாளரான ஜெர்ரி ஹார்வி 1995-இல் மேடைக் கலைஞர்களுக்காக இதைத் தொழிலாகத் தொடங்கினார். பொருத்தம் நன்றாக அமையும். ஆனால் அடுத்தவர் காதுக்குச் சேராததால் மறுவிற்பனை இல்லை. முதல்முறை வாங்குபவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

பட்டியலும் ரசீதும்

விவரப் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது. உரப்புத் திறனை ஒரு கம்பெனி மில்லிவாட்டுக்கு இவ்வளவு டெசிபல் என்றும், இன்னொன்று வோல்ட்டுக்கு இவ்வளவு என்றும் போடும். ஒருவர் கிலோவுக்கும் இன்னொருவர் லிட்டருக்கும் எண்ணெய் விலை சொல்வது போன்றதுதான். 32 ஓம் கருவியில் மில்லிவாட்டுக்கு 105 என்பதும் வோல்ட்டுக்கு 120 என்பதும் ஒன்றே. 120 பெரிது என்று ஏமாற வேண்டாம்.

பெட்டியை நம் கண்ணால் படியுங்கள். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் நம் பருப்புப் பாக்கெட்டுக்கு எப்படியோ, இதற்கும் அப்படியே. இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். அது இல்லாத சரக்கு குறைந்த விலைக்கு வந்தால், உத்தரவாதம் யார் தருவார் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதானது, போலியானது, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாதது ஆகியவற்றைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. 'காதுக்குச் சேரவில்லை' என்பது இதில் வராது. ஆகவே அந்த ஒரு விஷயத்தைப் பணம் கட்டும் முன்பே பேசி எழுத்தில் வாங்கிவிட வேண்டும்: பிரித்த பிறகு எத்தனை நாளில் திருப்பலாம், எவ்வளவு பிடித்தம் செய்வார்கள் என்று. பத்து சதவீதம் பிடித்தாலும் என் 13,000-க்கு அது எவ்வளவோ மேல். சொந்தக் காதுக்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் ஏற்றி உள்ளீட்டு வரி வரவு எடுக்க ஜி.எஸ்.டி. சட்டத்தில் இடமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்ட நண்பர்கள் இருக்கிறார்கள்.

பார்சல் வந்த அன்றே இரண்டு பக்கமும் ஒரே அளவு ஒலிக்கிறதா என்று பாருங்கள். இடம் வலம் மாற்றிப் போட்டும் அதே பக்கக் கருவி அடங்கி ஒலித்தால் அது பழுது, உடனே எழுதலாம்.

இரண்டாம் முறை இப்படியெல்லாம் பார்த்து 18,000 ரூபாயில் மெலிந்த மூக்குள்ள, ஒரே டிரைவர் உள்ள ஒன்றை வாங்கினேன். கடை சாத்தியபின் கணக்கு எழுதும் நேரத்தில் கேட்கிறேன். ஒரு நாள் பகலில் கல்லாவில் உட்கார்ந்தே மாட்டிப் பார்த்தேன். "அண்ணாச்சி, கால் கிலோ உளுந்து" என்று ஒரு அம்மா மூன்று தடவை கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனதாகப் பையன் பிறகு சொன்னான்.