ஊற்று நீரும் தேயிலைத் தொழிலும்

ஊவா மாகாணத் தோட்ட மக்களுக்கும் கமக்காரருக்கும்

ஊவா மலைகளுக்குப் பெருமழை ஐப்பசி முதல் தை வரையுள்ள மாதங்களிலேயே கிடைக்கின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவிற் பொழிந்துவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட கச்சான் காற்றாக இங்கு வந்து வீசுகின்றது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களின் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித் தந்த நறுமணம் இக்காற்றுக் காலத்துக்கே உரியது. ஆனால் அக்காலத்திலேதான் லயன்களின் பீலியில் நீர் நூல்போல் மெலிகின்றது. மழைக்காலத்தில் மலை உறிஞ்சிக்கொண்ட நீரே வறட்சியில் நாம் குடிக்கும் நீர் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

விறகும் ஊற்றும்

ஏறக்குறைய 4½ கிலோகிராம் பச்சைக் கொழுந்திலிருந்து 1 கிலோகிராம் தேயிலைத் தூள் கிடைக்கின்றது. குறையும் 3½ கிலோகிராமும் பெரும்பாலும் நீரே. அதனைக் காற்றினாலும் வெப்பத்தினாலும் போக்கவேண்டியிருத்தலால் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு இடைவிடாது தேவைப்படுகின்றது.

அவ்விறகு ஊற்றுக்கு மேலுள்ள மரங்களிலிருந்து வெட்டப்படுமாயின் தீங்கு விளையும். மரத்தின் இலைகளும் நிலத்திற் கிடக்கும் சருகும் மழையின் வேகத்தைத் தணித்து, நீரை மண்ணுக்குள் இறங்கச் செய்கின்றன. அவை நீங்கினால் மழைநீர் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு விரைந்தோடி ஓயாக்களிற் சேர்ந்துவிடும். ஊற்றுக்கு ஒன்றும் எஞ்சாது. விறகுக்கென நடப்படும் யூக்கலிப்டஸ் விரைந்து வளர்வது. அதற்கேற்ப நீரையும் மிகுதியாக உறிஞ்சுவது. ஆதலால் அதனை ஊற்றுக்கு அண்மையில் நடுதல் ஆகாது.

தொழிற்சாலைக் கழிவு நீர்

சாயத் தொழிற்சாலையையும் தோல் பதனிடும் தொழிற்சாலையையும் போலத் தேயிலைத் தொழிற்சாலை பெருமளவு நீரைச் செலவிடுவதில்லை. எனினும், தொழிற்சாலைக்குக் கீழே லயன்களும் மரக்கறித் தோட்டங்களும் அமைந்துள்ள இடங்களில், சிறு கழிவும் பலரது குடத்தைச் சென்றடையக் கூடும். கொழுந்து அரைக்கும் அறையைக் கழுவிய நீரில் இலைச்சாறு கலந்திருக்கும். அது ஓடையில் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து, மீன் முதலிய உயிர்கள் மடியும். இயந்திர எண்ணெய் நீரிற் கலந்தால் அந்நீர் குடிக்க உதவாது. அடுப்புச் சாம்பல் நீரைக் காரமாக்கும். ஆயின் அச்சாம்பலையே கூட்டெருவில் அளவாகச் சேர்த்தால் பயிருக்குப் பொட்டாசியம் கிடைக்கும்.

இரு பாடங்கள்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திற் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஒரு மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி பணித்தது. பணம் கிடைப்பினும் கெட்ட நிலத்தடி நீர் எளிதில் தூய்மை பெறாது.

மற்றது நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. உமா ஓயாத் திட்டத்துக்காக மலையைக் குடைந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் அமைக்கப்பட்டபோது, 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் அதனுட் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017ஆம் ஆண்டு மீண்டும் பெருங்கசிவு ஏற்பட்டது. திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. நம் கண்ணுக்குத் தெரியாத நீர், மலைக்குள் ஒன்றோடொன்று தொடர்புற்று நிற்கின்றது. ஓரிடத்தில் அதனைத் திறந்துவிட்டால் தொலைவிலுள்ள கிணறும் வற்றக்கூடும்.

செய்யவேண்டியவை

1. ஊற்றைச் சுற்றி வேலியிடுக. அதற்கு மேலுள்ள சரிவில் மரம் வெட்டுதல், ஆடுமாடு மேய்த்தல், மலசலகூடம் அமைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க.

2. கான்களைச் சம உயரக் கோட்டையொட்டி வெட்டி, இடையிடையே குழிகள் விடுக. வண்டல் அக்குழிகளிற் படியும். நீர் மண்ணில் இறங்கும். தரிசு நிலத்தில் மானாப்புல்லும் ஓரங்களில் வெட்டிவேரும் நடுக.

3. கூரை நீரைச் சேமிக்க. 1 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் சேரும். 20 சதுர மீற்றர் கூரை 10 மில்லிமீற்றர் மழையில் 200 லீற்றர் தரும். 1,000 சதுர மீற்றர் தொழிற்சாலைக் கூரையோ 10,000 லீற்றர் தரும். தொழிற்சாலையைக் கழுவ இந்நீரே போதுமாயின் ஊற்று நீர் குடிப்பதற்கு மிஞ்சும். தொட்டியை நுளம்பு புகாதபடி மூடிவைக்க.

4. தொழிற்சாலைத் தளத்தைக் கழுவுமுன் இலைத் துணுக்குகளைக் கூட்டி அள்ளுக. கழுவிய நீரை ஓடையில் விடாது, சுத்திகரிப்புத் தொட்டிக்கே செலுத்துக. பழைய எண்ணெயைத் தனிப் பீப்பாவிற் சேர்த்து வைக்க.

5. வெலிமடைப் பக்கத்து மரக்கறிச் செய்கையாளர் ஓடைக் கரைவரை மண்ணைக் கொத்தாது, புல் வரம்பு விடுக. மருந்து தெளிக்கும் கருவியை ஓடையிற் கழுவற்க.

6. ஓடை நீரின் நிறமோ மணமோ மாறினால் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, தோட்ட முகாமையாளருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே அறிவிக்க. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்படி, கழிவு வெளியேற்றுவனவென வரையறுக்கப்பட்ட தொழில்கள் சுற்றாடற் பாதுகாப்பு உரிமம் பெற்று, அதன் நிபந்தனைகளுக்கு அமைய நடத்தல் வேண்டும். முறையிடுதல் உங்கள் உரிமையாகும்.

தொழிலாளி கொழுந்து கொய்வதும் தொழிற்சாலை தூள் செய்வதும் ஒரே மலையின் நீரை நம்பியே. ஊற்று வற்றினால் இருவர்க்கும் இழப்பு. அடுத்த மழைக்கு முன்னரே கான்களைத் திருத்தி, ஊற்றுக்கு மேல் மரக்கன்று நடுவதற்கான குழிகளை ஆயத்தஞ் செய்க. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.