காசு வாங்காத வேலைக்கும் ஒரு கடிதம்

எங்கள் ஊரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் ஒருவர், தான் படித்த அரசுப் பள்ளியின் நாலு வகுப்பறைகளுக்குக் கோடை விடுமுறையில் இலவசமாக வயரிங் செய்து கொடுக்கப் போனார். மூன்றாம் நாள் ஏணி சறுக்கி, அவர் கடை ஆள் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. மருத்துவச் செலவு யாருடையது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. "நல்லது செய்யப் போற இடத்துல இதெல்லாம் பேசலாமா?" என்று கூச்சப்பட்டு, அவர் எதையும் முன்னதாகப் பேசியிருக்கவில்லை.

பேசியிருக்க வேண்டும். தானம் செய்வது முதலாளி; கூலிக்கு வந்தவர் அல்ல. அவருக்கு அன்றைய கூலி உண்டு, வேலையில் அடிபட்டால் இழப்பீடும் உண்டு. அதைத் தர வேண்டிய பொறுப்பு அவரை அனுப்பியவருடையது. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா காப்பீடு மரணத்துக்கும் ஊனத்துக்கும்தான் பணம் தரும்; எலும்பு முறிவுக்குக் கைகொடுக்காது. தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுப்பது நல்லது.

அடுத்து வேலையின் தரம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவச சேவையைத் தன் வரையறைக்குள் சேர்க்கவில்லை. அதை நம்பி அசட்டையாக இருந்துவிடக் கூடாது. பணம் வாங்கியும் வாங்காமலும் சிகிச்சை தரும் மருத்துவமனையில், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோரே என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எர்த் சரியாக இல்லாமல் ஒரு குழந்தைக்கு ஷாக் அடித்து உயிர் போனால், குற்றவியல் சட்டம் பில் இருக்கிறதா என்று கேட்காது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டுவரை சிறை. காசுக்குச் செய்யும் வேலைக்கு எத்தனை முறை டெஸ்ட் செய்வீர்களோ, இதற்கும் அத்தனை முறை செய்யுங்கள்.

வரி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 80ஜி என்று நாம் பழகிய சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்கு மட்டுமே. உங்கள் உழைப்புக்கும் கிடையாது, கொடுத்த ஒயருக்கும் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகையே இல்லை. "25,000 ரூபாய்க்கு ரசீது போட்டுத் தர்றோம்" என்று ஏதாவது அறக்கட்டளை சொன்னால் மறுத்துவிடுங்கள். அது பொய் ரசீது. முறையாகப் பில் போட்டுப் பணம் வாங்கி, அதையே நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்தாலும் லாபமில்லை. வருமானத்தில் 25,000 ஏறும். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதிதான் கழியும். மிச்சத்துக்கு நீங்கள் வரி கட்டுவீர்கள். உறவோ வியாபாரத் தொடர்போ இல்லாத அமைப்புக்கு இலவசமாகச் செய்யும் சேவைக்கு ஜிஎஸ்டி வராது. ஆனால் கடைச் சரக்கிலிருந்து பொருளைத் தானமாகக் கொடுத்தால், அதற்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டியிருக்கும். பொருளை அவர்கள் பெயரிலேயே வாங்கச் சொல்லி, நீங்கள் உழைப்பை மட்டும் கொடுங்கள். கணக்கு சுத்தமாக இருக்கும்.

போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்கும் டிசைனர்களுக்கும் ஒரு வார்த்தை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவருக்கே போகும். இலவசமாக எடுத்த படம் உங்களுடையது. எழுத்தில் மாற்றிக் கொடுத்தால் ஒழிய உரிமை கைமாறாது. அதைக் கேட்காமல் வேறு வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் நோட்டீஸ் அனுப்பலாம், மாவட்ட நீதிமன்றம் போகலாம். வழக்கு வேண்டாம் என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரசப் பேச்சுக்கு 15100 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

அந்தக் கடைக்காரர் அடுத்த கோடையிலும் அதே பள்ளிக்குப் போனார். இந்த முறை கையில் அரைப்பக்கக் கடிதம். எந்த இரண்டு அறைகள், எத்தனை பாயின்ட், ஒயர் யார் வாங்குவது, எந்தத் தேதிவரை, பிறகு ரிப்பேர் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று வரிசையாக எழுதியிருந்தார். தலைமையாசிரியை அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றை அவரிடம் கொடுத்தார்.