ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர்

வீட்டில் வளர்ந்து வரும் பிள்ளை திடீரென்று மாறிவிடுகிறது. நேற்றுவரை கலகலப்பாகப் பேசியவன் இன்று கதவை அடைத்துக்கொண்டு கிடக்கிறான். வகுப்பில் முதலாவதாக வந்தவள் புத்தகத்தைத் தொட மறுக்கிறாள். எதற்கெடுத்தாலும் சினம், இல்லையேல் காரணம் தெரியாத கண்ணீர். இந்நிலையில் பெற்றோராகிய நாம் பெரும்பாலும் இரண்டு பிழைகளுள் ஒன்றைச் செய்கிறோம். "வயதுக் கோளாறு, தானே சரியாகிவிடும்" என்று கண்ணை மூடிக்கொள்கிறோம். அல்லது, "இவன் இனித் தேறமாட்டான், இவனுடைய பாட்டனாருக்கும் இப்படித்தான் புத்தி பேதலித்தது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். முதலாவது அசட்டை, இரண்டாவது அவநம்பிக்கை. இரண்டுமே பிள்ளையைத் தனியே விட்டுவிடுகின்றன.

இவ்விரு பிழைகளையும் திருத்தவல்ல உண்மைகளை ஆராய்ச்சியாளர் சிலர் நமக்குத் தேடித் தந்திருக்கின்றனர். பிறந்த குழந்தைகளைப் பெயரெழுதி வைத்துக்கொண்டு, அவர்கள் நரை காணும் வயதுவரை பொறுமையோடு பின்தொடர்ந்தவர்கள் அவர்கள். அத்தகைய இரு பெரும் முயற்சிகளை இங்கே அறிமுகம் செய்ய விழைகிறோம்.

அசட்டை ஏன் ஆகாது?

நியூசிலாந்து நாட்டின் தென் தீவில் டனீடன் என்றொரு நகரம் உண்டு. அங்கே 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் முடியப் பிறந்த குழந்தைகளுள் 1,037 பேரை, அவர்களுடைய 3ஆம் வயதிலிருந்து ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். அக்குழந்தைகள் இன்று ஐம்பது வயதைக் கடந்துவிட்டனர். பலர் வேறு நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஆயினும், பயணச் செலவைக் கொடுத்து அவர்களை மீண்டும் மீண்டும் டனீடனுக்கு வரவழைத்துச் சோதித்தனர். 45 வயதுச் சோதனையின்போது, உயிரோடிருந்தவர்களுள் 100க்கு 94 பேர் வந்திருந்தார்கள் என்றால், இம்முயற்சியின் உறுதியை நாம் உணரலாம்.

இவர்களுக்கு 26 வயதானபோது வெளிப்பட்ட செய்தி ஒன்று பெற்றோர் அனைவரும் அறியத்தக்கது. அவ்வயதில் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆளாகியிருந்தவர்களின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 15 வயதுக்கு முன்பே மனநோயின் அடையாளங்கள் பதிவாகியிருந்தன. 18 வயதுக்கு முன்பே அடையாளம் கண்டவர்கள் நான்கில் மூன்று பங்கினர். வளர்ந்தபின் வந்து சேர்ந்த நோய் என்று நாம் எண்ணுவது, பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே வேர்விட்டிருக்கிறது. ஆகவே, "தானே சரியாகிவிடும்" என்பது ஆபத்தான ஆறுதல்.

அவநம்பிக்கை ஏன் ஆகாது?

இனி மற்றப் பிழையைப் பார்ப்போம். மனநோய் மருத்துவமனையில் இருப்பவர்களை அழைத்து, "உங்கள் இளமை எப்படி இருந்தது?" என்று கேட்டால், அவர்களுள் பலர் துயரக் கதைகளையே சொல்வர். வறுமை, குடிகாரத் தந்தை, ஓயாத சண்டை என்று பட்டியல் நீளும். அதைக் கேட்பவர், துன்பத்தில் வளர்ந்த பிள்ளை கெட்டே தீரும் என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால், அதே துன்பத்தில் வளர்ந்தும் நலமாக வாழ்கிறவர்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை. எனவே கணக்கில் அவர்கள் ஏறுவதே இல்லை. பின்னோக்கிப் பார்க்கிறவர் கண்ணுக்கு இவர்கள் தென்படமாட்டார்கள். பிறப்பிலிருந்து முன்னோக்கி உடன் நடந்து செல்கிறவருக்கே இவர்கள் புலப்படுவர்.

அவ்வாறு உடன் நடந்தவர் எம்மி வெர்னர் என்னும் உளவியல் அறிஞர். 1929இல் ஜெர்மனியில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின் அழிவைச் சிறுமியாயிருந்தபோதே கண்டவர். பின்னர் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியராக விளங்கி, 2017இல் மறைந்தார். ரூத் ஸ்மித் என்னும் உளவியலாரோடு சேர்ந்து அவர் பல்லாண்டு நடத்திய ஆராய்ச்சியின் களம், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாய்.

ஹவாய் என்றதும் தொழுநோயாளர் நடுவே வாழ்ந்து உயிர்நீத்த புனித தமியானின் மொலக்காய்த் தீவு நம் நினைவுக்கு வரும். அதே தீவுக் கூட்டத்தில் வடமேற்கே இருப்பதுதான் கவாய். கரும்புத் தோட்ட வேலைக்காக ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களும், ஹவாயின் தொல்குடி மக்களும் அங்கே கலந்து வாழ்கின்றனர். 1955ஆம் ஆண்டு அங்கே பிறந்த 698 குழந்தைகளே இந்த ஆராய்ச்சிக்கு உரியவர்கள். தாயின் வயிற்றில் இருந்தபோதே தொடங்கி, அவர்களை 1, 2, 10, 18, 32, 40 ஆகிய வயதுகளில் ஆராய்ச்சியாளர் தேடிச் சென்று கண்டனர்.

இக்குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பேரிடர்களுக்கு நடுவே பிறந்தவர்கள். வறுமை, பிரசவத்தின்போது நேர்ந்த சிக்கல், பெற்றோரின் ஓயாத பூசல் அல்லது மணமுறிவு, குடிப்பழக்கம், மனநோய் முதலிய இடர்களுள் நான்கோ அதற்கு மேலோ 2 வயதுக்குள்ளாகவே அவர்களைச் சூழ்ந்திருந்தன. இவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் 10 வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ பெருந்தொல்லைக்கு ஆளாயினர். அல்லது 18 வயதுக்குள் மனநோய்க்கு உள்ளாயினர், குற்ற ஏட்டில் பெயர் ஏறினர், பள்ளிப் பருவத்திலேயே கருவுற்றனர். இடர் இடர்தான், அதை இல்லையென்று எவரும் சொல்வதற்கில்லை.

ஆனால், எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினர், 72 பேர், திறமையும் தன்னம்பிக்கையும் பிறர்மீது பரிவும் கொண்ட இளைஞராக வளர்ந்து நின்றனர். அவர்களுள் ஒருவன் குறைமாதத்தில் பிறந்தவன். பெற்றோர் இருவரும் இருபது வயதுகூட நிரம்பாதவர்கள். பிறந்தவுடன் மூன்று வாரங்கள் தாயைப் பிரிந்து மருத்துவமனையில் கிடந்தான். அவனுக்கு 8 வயதானபோது பெற்றோரின் மணவாழ்வு முறிந்தது. தாய் பிள்ளைகளை விட்டு அகன்றாள். மீண்டும் எட்டிப் பார்க்கவில்லை. வேறொரு சிறுமியின் தாயோ மனநோயால் பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவள். மகளை அடித்தும் வைதும் வதைத்தவள். ஆயினும் 18 வயதில் இவ்விருவரும் பிறர் விரும்பும் நல்லிளைஞராக, எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையோடு இருக்கக் கண்டனர் ஆராய்ச்சியாளர்.

அவர்களைத் தாங்கியது எது?

இவர்கள் இரும்பால் ஆனவர்களா? இல்லை. இயல்பாகவே இன்முகம் காட்டும் குழந்தைகளாகச் சிலர் பிறந்திருந்தனர் என்பது மெய்யே. 10 வயதில் நன்றாக வாசிக்கத் தெரிந்திருந்ததும் துணைநின்றது. ஆனால், திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது வேறொன்று. தாயோ தந்தையோ தவறிய இடத்தில், குழந்தையை நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்ட, நிலையான மனம் படைத்த ஒருவராவது அதன் வாழ்வில் இருந்தார். தாயால் கைவிடப்பட்ட அச்சிறுவனைத் தந்தையோடு சேர்ந்து வளர்த்தவர்கள் வயது முதிர்ந்த பாட்டனும் பாட்டியுமே. சிலருக்கு அத்தை, மாமன், மூத்த சகோதரி. சிலருக்கு அன்பு காட்டிய ஆசிரியர். இன்னும் சிலருக்கு அண்டை வீட்டார், இளைஞர் குழுவின் தலைவர், ஆலயச் சமூகத்தைச் சேர்ந்த பெரியவர்.

இவர்களுக்கு வீட்டில் பொறுப்பும் இருந்தது. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது, இல்லத்தை நடத்த உதவுவது போன்ற கடமைகள், "நான் இன்றியமையாதவன்" என்னும் உணர்வை அவர்களுக்கு ஊட்டின. இறை நம்பிக்கையும் பலருக்கு ஊன்றுகோலாயிற்று. பௌத்தர், கத்தோலிக்கர், பிற கிறிஸ்தவ சபையினர் எனப் பல சமயத்தவர் அவர்களுள் இருந்தனர். எச்சமயத்தவராயினும், தம் வாழ்வுக்குப் பொருள் உண்டு என்னும் உறுதியை அவர்கள் அதிலிருந்து பெற்றனர்.

கதை 18இல் முடியவில்லை

நமக்கு மிகுந்த ஆறுதல் தருவது இதற்குப் பிந்திய பகுதியே. 18 வயதில் வழிதவறியவர்கள், மனம் உடைந்தவர்கள் என்று ஏட்டில் குறிக்கப்பட்டவர்களை, 32 வயதிலும் 40 வயதிலும் மறுபடியும் தேடிச் சென்றார்கள். அவர்களுள் பெரும்பான்மையோர் மீண்டெழுந்திருந்தனர். குற்ற ஏட்டில் பெயர் ஏறிய சிறுவர்களுள் பெரும்பாலோர் வளர்ந்தபின் குற்றவாளிகளாகவில்லை. இளவயதில் தாயான பெண்களுள் பலர் பின்னர்ப் படித்து, வேலை பெற்று, தலைநிமிர்ந்து வாழ்ந்தனர். பாதியில் விட்ட படிப்பைத் தொடர வாய்த்த கல்லூரி, தொழிலும் ஒழுங்கும் கற்றுத்தந்த படைச்சேவை, நிலைத்த மனமுள்ள வாழ்க்கைத் துணை, உயிரோடு ஈடுபட்ட சமய வாழ்வு, சாவின் விளிம்புவரை சென்று பிழைத்த அனுபவம் ஆகியவை அவர்களைத் திருப்பிய திருப்பங்கள். ஊதாரி மைந்தன் திரும்பி வந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது வியப்பளிக்கலாகாது. எனினும், நம் வீட்டுப் பிள்ளை என்று வரும்போது அக்கதையை நாம் எவ்வளவு எளிதில் மறந்துவிடுகிறோம்!

அனைவரும் மீண்டனர் என்று நாம் சொல்லவில்லை. தொடர்ந்து துன்புற்றவர்களும் உண்டு. நன்றாக வாழ்ந்தவர்களுள்ளும் சிலர், தம்மை விழுங்கவந்த குடும்பப் பூசலிலிருந்து விலகி நின்றே தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வென்றவர்களும் விலை கொடுத்தே வென்றனர். ஆகவே, "பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்று கைகட்டியிருக்க இந்த ஆராய்ச்சி நமக்கு அனுமதி தரவில்லை.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, கவனிப்போம். ஒரு நாள் வாட்டம் நோயன்று. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, தோழரையும் விளையாட்டையும் பிள்ளை வெறுத்தால், இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னால், சாவைப் பற்றிப் பேசினால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசும் பிள்ளையைத் தனியே விடலாகாது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதில் வெட்கமில்லை. மனத்தின் நோய்க்கும் வெட்கம் வேண்டியதில்லை. செபம் மருந்துக்குப் பகையன்று; இரண்டும் கைகோத்தே செல்லலாம்.

இரண்டாவது, தீர்ப்பிடாதிருப்போம். பிள்ளையின் காதுபட "இவன் உருப்படமாட்டான்" என்னும் சொல்லை ஒருபோதும் சொல்லலாகாது. கவாய்த் தீவில் 18 வயதுப் பிள்ளைகளைக் கண்டு அவ்வாறு சொல்லியிருந்தால், பெரும்பாலும் அது பொய்யாகப் போயிருக்கும்.

மூன்றாவது, மற்றவர் பிள்ளைகளுக்கும் நாம் பெரியவராக இருப்போம். நம் பங்கில், நம் தெருவில், நம் உறவில் தள்ளாடும் பிள்ளை எங்கோ ஒன்று இருக்கிறது. அதன் தந்தை குடிக்கிறார் என்றும், தாய் நோயுற்றவள் என்றும் நாம் அறிவோம். அறிந்தும் அவ்வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிறோம். அப்பிள்ளையை நம் பிள்ளையோடு உண்ண அழைக்க ஒரு தட்டுச் சோறு போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "படிப்பு எப்படிப் போகிறது?" என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். ஆனால், ஒருநாள் கேட்டால் போதாது. ஆண்டுக்கணக்கில் கேட்க வேண்டும். அந்த 72 பேருக்கும் கிடைத்தது செல்வமன்று, சலுகையன்று. தங்களை விட்டு நீங்காத ஒரு மனிதர்.

இன்று மாலை நம் இல்லத்தில் குடும்ப செபத்திற்கு முழந்தாளிடும்போது, அத்தகைய பிள்ளை ஒன்றன் பெயரை நினைத்துக்கொள்வோம். செபம் முடிந்ததும் எழுந்து சென்று, அதன் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.