எண் தகடு கூறும் வரலாறு

தபால்தலை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் நாம் அறிவோம். தூத்துக்குடிக் கடற்கரையில் சங்கும் சிப்பியும் திரட்டும் சிறுவரையும் காண்கிறோம். மோட்டார் வண்டிகளின் பழைய எண் தகடுகளைத் தேடிச் சேர்ப்போரும் உலகில் உளர் என்றால் சிலர் நகைக்கக்கூடும். கடைத்தெருவில் நம்பர் பிளேட்டு என வழங்கும் அந்தத் தகரத் துண்டில் போற்றிக் காக்க என்ன இருக்கிறது? இதனைச் சிறிது ஆராய்வோம்.

வண்டிக்கு அடையாளத் தகடு வேண்டும் என்று 1893-இல் பாரிஸ் நகரக் காவல்துறை ஆணையிட்டது. இங்கிலாந்தில் 1904 ஜனவரி முதல் பதிவெண் கட்டாயமாயிற்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலமோ 1903-இல் எனாமல் பூசிய இரும்புத் தகடுகளைத் தானே வழங்கியது. அந்நாட்டுப் மாநிலங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் புதிய தகடு வந்தமையால் பழையவை வீடுகளில் தங்கின. தகடு சேர்ப்போர் 1954-இல் ஒரு சங்கமே கண்டனர்.

நம் நாட்டு நிலை வேறு. இங்கே அரசு நெடுங்காலம் எண்ணை மட்டுமே வழங்கியது. அதைத் தகட்டில் எழுதுவித்தவர் வண்டியின் உரிமையாளர். வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போனால் தகடும் உடன் போகும். தூத்துக்குடியிலோ உப்பளக் காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும். ஆகவே பழந்தகடுகள் இங்கே அரியவை.

சென்னையில் முதன்முதலாகப் பதிவான காரின் எண் எம்.சி. 1. அதன் உரிமையாளர் சென்னைத் துறைமுகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணித மேதை இராமானுஜன் 1912-இல் எழுத்தராகச் சேர்ந்தது இவருடைய அலுவலகத்திலேதான். ஓர் எண் நம்மை எங்கெல்லாம் அழைத்துச் செல்கிறது, பாருங்கள்!

தகட்டைக் கொண்டு காலத்தையும் கணிக்கலாம். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் எண்கள் மதராஸ் என்னும் பெயர் வழங்கிய நாளுக்கு உரியவை. அப்பெயர் 1969-இல் தமிழ்நாடு என மாறியது. தூத்துக்குடி மாவட்டம் 1986-இல்தான் திருநெல்வேலியினின்று பிரிந்தது. இன்றைய மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. எனவே தூத்துக்குடிக்குரிய டி.என். 69 என்ற எழுத்துகளைத் தாங்கிய தகட்டை ஒருவர் 1950-ஆம் ஆண்டினது என்று விற்க வந்தால், அது பொய் என உடனே தெளியலாம்.

இனி, மன்னார் வளைகுடாவின் அக்கரையை நோக்குவோம். வ. உ. சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடியையும் கொழும்பையும் இணைத்தது அன்றோ? அந்த இலங்கையில் வண்டிகளின் எண்ணோடு சிங்கள எழுத்தில் ‘ஸ்ரீ’ பொறிக்கப்பட வேண்டும் என்று அரசு விதித்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முன்பே புண்பட்டிருந்த தமிழர் இதனை எதிர்த்தனர். வடக்கிலும் கிழக்கிலும் அவ்வெழுத்தைத் தார் பூசி அழித்தனர். தமிழ் ‘ஸ்ரீ’யை எழுதினர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. 1958 மே மாதம் மூண்ட கலவரத்தில் தமிழர் பலர் உயிரையும் உடைமையையும் இழந்தனர். அக்கொடுமைக்கு எழுத்து ஒன்றே காரணமன்று. ஆயினும் ஓர் அரசு தன் குடிமக்கள் எல்லோரையும் சமமாக மதித்ததா என்பதற்கு அச்சிறு தகடு இன்றும் சாட்சி.

ஆதலால், மாணவ நண்பர்களே, பழந்தகடு கிடைத்தால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பழைய வண்ணமும் எழுத்துமே அதன் உயிர். மென்துணியால் துடைத்து, ஈரமும் உப்புக் காற்றும் அணுகாமல் வையுங்கள். எந்த வண்டியில் இருந்தது, எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதி வையுங்கள். அதை வேறு வண்டியில் மாட்டுவது குற்றம். தகடு கிடைக்காவிடினும் குறையில்லை. வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களில் தெரியும் வண்டி எண்களைப் படித்துக் குறித்து வைப்பதும் அதே தொண்டுதான். குறிப்பு இல்லாத தகடு வெறும் இரும்பு. குறிப்போடு கூடியதோ வரலாற்றின் ஓர் ஏடு.